கம்பெனி சொன்ன வக்கீல்

"நாற்காலிய எடுத்துருங்க. நான் நின்னுக்கறேன்," என்றாள் மனைவி.

"நாற்காலியும் இருக்கும், கடையும் இருக்கும்," என்றார் கேக் கடைக்காரர்.

கடை ஒரு பெரிய கம்பெனியின் ஃப்ரான்சைஸ். பெயர்ப்பலகை முதல் தரை துடைக்கும் துணி வரை கம்பெனி கைகாட்டும் இடத்தில்தான் வாங்க வேண்டும். கல்லாவில் நிற்கும் மனைவிக்கு முழங்கால் வலி என்று அவர் ஒரு நாற்காலி போட்டது குற்றமாகிவிட்டது. கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாதாம். எடுக்காவிட்டால் கடையைப் பிடுங்கிக்கொள்வார்களாம்.

முதல் வக்கீல், வீட்டுப் பத்திரம் பார்ப்பவர். நாற்காலி வாடிக்கையாளருக்கானது என்று சாமர்த்தியமாகப் பதில் எழுதினார். அனுமதியில்லாமல் வாடிக்கையாளரை உட்காரவைத்ததற்கு இன்னொரு நோட்டீஸ் வந்தது.

அடுத்தவர் விவாகரத்து வக்கீல்.

"உங்க மனைவியோட எத்தனை வருஷமா பிரச்சனை?"

"எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல சார். முழங்கால்லதான்."

அவர் கை வழக்கம்போலவே எழுதியது. இரு தரப்பும் மனமொத்துப் பிரியத் தயார் என்று கடிதம் போனது. கம்பெனி உடனே சம்மதித்துவிட்டது.

கையைப் பிசைந்துகொண்டிருந்த நம்மவர், பழக்கதோஷத்தில் கம்பெனியின் உதவி எண்ணுக்கே போன் போட்டார்.

"மேடம், உங்க மேல கேஸ் போடணும். நீங்க சொல்ற வக்கீல் யாராவது இருக்காங்களா?"

மறுமுனைப் பெண் குரலைத் தாழ்த்தி ஒரு நம்பர் சொன்னாள்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "துணிக்கும் துடைப்பத்துக்கும் அவங்களக் கேட்டீங்க, சரி. வக்கீலையுமா கேப்பீங்க?"

திட்டிக்கொண்டே கூட வந்தாள். அந்த வக்கீலம்மா எழுந்து வந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கேஸ் அப்புறம். முதல்ல உட்காருங்க. எந்தக் கால்ல வலி?"

அந்த விதியே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கடையும் தப்பியது. அன்று மாலை மனைவி கல்லாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் பார்ப்பதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அதே பெண்தான் எடுத்தாள்.

"ஜெயிச்சுட்டோம்மா. ஆனா ஒண்ணு புரியல. உங்க கம்பெனியையே தோக்கடிக்கிற வக்கீல நீங்களே ஏன் சொன்னீங்க?"

மறுமுனையில் ஏதோ கிறீச்சிட்டது.

"அதே விதிதான் சார் எங்களுக்கும். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நின்னுக்கிட்டேதான் பேசினேன். இன்னிக்குத்தான் உக்காந்து பேசறேன்."