மண்ணின் பசி சொன்ன செப்புக் கம்பி

தீயணைப்பு நிலையக் கூடத்துப் பான்கேக் விருந்துக்கு வழக்கமாக எண்பது பேர் வருவார்கள். அந்த மார்ச் சனிக்கிழமை முந்நூறு பேர். டாக்டர் தாடியஸ் குரோல் வந்திருந்தார், மண்ணோடு பேசுகிறவர். எதைப் படித்து டாக்டர் ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டில் சூடாக இருக்கும்போது யார் கேட்பார்கள்?

ஒஹாயோவின் அந்த மூலையில், மண்ணுக்கடியில் புதைந்த வடிகால் குழாயை எல்லோரும் முழங்கை போல் வளைத்த இரண்டு செப்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் தேடுவார்கள். கம்பி சாய்ந்த இடத்தில் தோண்டுவார்கள். அங்கே குழாய் இல்லையென்றால் கொஞ்சம் தள்ளித் தோண்டுவார்கள், இருக்கும். முப்பதடிக்கு ஒரு குழாய் பதித்த வயலில் அது எங்கே போய்விடும்?

குரோல் ஒரு படி மேலே போனார். அதே கம்பி மண்ணின் மணிச்சத்துப் பசியையும் சொல்லுமாம். மூட்டையில் பாஸ்பரஸ் என்று அச்சிடுகிறார்களே, அதே சத்துதான். கம்பி சாய்ந்தால் பசி. பசிக்கு மருந்து அவர் வண்டியிலேயே, மூட்டை மூட்டையாக.

விவசாயி எல்வுட் ரப் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. இதை அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு ஆண்டு மழையளவை நாள் தவறாமல் நோட்டில் எழுதியவர். போன வாரம் குரோல் அவர் கையில் கம்பியைக் கொடுத்து, அது சாய்ந்ததும், "உங்களுக்குக் கை ராசி" என்றார். தீர்ந்தது. எல்வுட் ஊர் வயலெல்லாம் நடந்தார். கம்பி சாயாத வயலே இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும், பெருமை வந்தது.

அவர் வீட்டில் காபிக் கோப்பைக்கு அடியில் மண் பரிசோதனைச் சீட்டு கிடந்தது: 'மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி. எதுவும் போட வேண்டாம்.' போன ஆகஸ்டில் வயலுக்குக் கீழே உள்ள அவர் குளம் பச்சைச் சாயமாய் மாறி, அதைக் குடித்த இரண்டு கிடேரிகள் செத்தன. ஆனாலும் திங்கட்கிழமை மருந்து தூவ வண்டி வரச் சொல்லியாயிற்று.

ஊர்க் குடிநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா கிளிங்கர், சாக்குப் போட்டு மூடிய ஐந்து வாளிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள்.

"எல்வுட், எந்த வாளிக்குப் பசின்னு பாத்துச் சொல்லு."

"வாளிகிட்டல்லாம் கம்பி பேசாது" என்றார் குரோல்.

"வயல்ல இருந்தா மட்டுந்தான் மண்ணுக்கு வாயா, டாக்டர்?"

"என் கையில பேசும், விடுங்க" என்றார் எல்வுட்.

முதல் வாளியில் சாய்ந்தது. இரண்டில் இல்லை. மூன்றில் சாய்ந்தது. நான்கில் இல்லை. ஐந்தில் கம்பிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன.

"இதுதான் கொலப் பசி. ஏக்கருக்கு ரெண்டு மூட்ட வேணும்" என்றார் எல்வுட்.

வெர்னா சாக்குகளை எடுத்தாள். முதல் நான்கும் எல்வுட் வயலில் ஒரே குழியில் அள்ளிய மண். ஐந்தாவதில் விளிம்பு வரை டாக்டரின் மருந்து.

"மருந்துக்கே பசிக்குதாம். அதுக்கு ரெண்டு மூட்ட மருந்து போடணுமாம்."

கூடம் அதிர்ந்தது.

"பிடிச்ச கை சரியில்ல" என்றார் குரோல்.

"அப்ப நீங்க பிடிங்க. திரும்பி நில்லுங்க, வாளிய மாத்தி வெக்கிறோம்."

"கம்பி களச்சிருக்கு."

"அதுக்கும் பசியா?" என்றது பின்வரிசை.

டாக்டருக்குத் திடீரென இண்டியானாவில் ஒரு வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. வண்டி மூட்டைகளோடு கிளம்பியது.

எல்வுட் கம்பியோடு அப்படியே நின்றார்.

"அந்தத் தூள மழை கழுவும். உன் வடிகால் குழாய் கொண்டுபோய்க் குளத்துல கொட்டும். பாசி அதத் தின்னு கொழுக்கும். மிச்சம் நாம குடிக்கிற ஏரிக்குப் போயி என் தலையில விடியும்" என்றாள் வெர்னா. "மாடு செத்தப்ப யாரக் கேட்ட? கம்பியவா?"

"இல்ல. கால்நட டாக்டர."

"அவர் என்ன சொன்னாரு?"

"நீ சொன்னதத்தான்." எல்வுட் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "அஞ்சாவது வாளிகிட்ட, இது சாயலன்னா மானம் போயிடுமேன்னு நெனச்சேன், வெர்னா. ஒடனே சாஞ்சிருச்சு."

வீட்டுக்குப் போய்க் கோப்பையை நகர்த்திச் சீட்டைப் படித்தார். தூவும் வண்டிக்காரனைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். பிறகு மழை நோட்டில் எழுதினார்: 'மழை இல்லை. வயலுக்குப் பசி இல்லை. பசி எனக்குத்தான், கைதட்டலுக்கு.'

உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு கம்பி இப்போது சாய்ந்துகொண்டுதான் இருக்கும். கம்பியை அப்புறம் பாருங்கள். முதலில் அதைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். அது உங்களுடையதாகவும் இருக்கலாம்.