கேட்டது கேட்கவில்லை

பியானோ வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இனி உயிருள்ளவரை தலையாட்டுவதில்லை என்று முடிவு செய்தார்.

அவருக்கு இரண்டு காதும் கேட்காது. ஒரு பக்கம் ஆபரேஷன் செய்து காக்ளியர் கருவி வைத்திருக்கிறது. தோலுக்கு அடியில் ஒரு பாகம், காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு பாகம், இரண்டையும் சேர்த்துவைக்க முடிக்குள்ளே காந்தத்தில் ஒட்டும் ஒரு சின்ன வட்டம். கடையில் ஃபிரேம் எடுக்கக் குனிந்தால் அந்த வட்டம் இரும்பு அலமாரியோடு போய் ஒட்டிக்கொள்ளும். உலகம் அப்படியே அணைந்துவிடும். இப்படிப்பட்ட மனுஷனுக்கு எதற்குப் பியானோ என்று தெருவே கேட்டது.

அவர் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், ஏலம் விடுகிறவர். ஏலக் கூடத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போன இவரைப் பார்த்து, மேடையிலிருந்து மைத்துனர் என்னவோ கேட்டார். கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினார். இன்னும் என்னவோ கேட்டார். இன்னும் நன்றாக ஆட்டினார். சுத்தியல் விழுந்தது, பியானோ இவருடையதாகிவிட்டது.

தலையாட்டுவது அவருக்குக் கண்ணாடி விற்பதைவிடப் பழைய தொழில். கருவி சத்தத்தைத் தரும், சொல்லைத் தராது. சொல்லை அவரேதான் உதட்டைப் பார்த்து, சந்தர்ப்பத்தைப் பார்த்து, கிழிந்த காகிதத்தை ஒட்டி வாசிப்பது போல வாசித்துக்கொள்ள வேண்டும். அமைதியான அறையில் ஒருவர் பேசினால் ஒட்டிவிடுவார். கூடவே ஒரு மின்விசிறி ஓடினால் போச்சு. "என்ன?" என்று ஒரு தடவை கேட்டால் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை முகம் சுருங்கும். மூன்றாம் தடவை, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். அந்த 'விடுங்க' அவருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவரோடு காபி குடிக்க வந்த பெண்கள் எல்லோரும் இரண்டாவது காபிக்குள் 'விடுங்க' என்றார்கள். பிறகு அவரையே விட்டுவிட்டார்கள்.

அதனால், பின்னால் மனைவியாக வந்த பல் டாக்டரைச் சந்தித்தபோது உஷாராகிவிட்டார். "என்ன?" என்று வாயே திறக்கவில்லை. அவள் பேசினாள், இவர் தலையாட்டினார். ஒரு நாள் காபிக் கடையில் பால் நுரைக்கும் மெஷின் சீறிக்கொண்டிருந்தபோது அவள் என்னவோ கேட்டாள். ஆட்டினார். அவள் கண் கலங்கிவிட்டது. வெளியே வரும்போது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவளுடைய அப்பா கடை தேடி வந்து "மாப்பிள்ளை" என்று கூப்பிட்ட பிறகுதான், கேள்வி என்ன என்பது இவருக்கு விளங்கியது. நல்ல கேள்விதான். காதில் விழுந்திருந்தாலும் அதே பதில்தான். ஆனால் விழவில்லை என்ற உண்மையைப் பற்றி இன்றுவரை மூச்சுவிடவில்லை.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. பல் டாக்டர்கள் வாயைப் பிளந்து வைத்திருப்பவர்களிடமே கேள்வி கேட்டுப் பழகியவர்கள். எந்தத் தலை புரிந்து ஆடுகிறது, எந்தத் தலை புரியாமல் ஆடுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

புதுத் திட்டம் எளிமையானது. கேட்கவில்லை என்றால் இனி மேலும் கீழும் ஆட்டக் கூடாது. இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இல்லை, வேண்டாம், முடியாது. அதில் நஷ்டம் வர வழியில்லை என்று நினைத்தார். வந்தது. மிக்ஸி ஓடும்போது மனைவி என்னவோ கேட்டாள். மறுத்தார். காபி வரவில்லை. குழாய் கொட்டும்போது என்னவோ கேட்டாள். மறுத்தார். கசங்கிய சட்டையோடு கடைக்குப் போனார். ஆனாலும் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற பியானோவைப் பார்க்கும்போதெல்லாம் வைராக்கியம் கூடிக்கொண்டே வந்தது.

அவர் உண்மையில் காப்பாற்ற நினைத்தது பின்பக்கத்துச் சின்ன அறையை. பகல் முழுக்க ஒவ்வொருவரையும் பலகை முன் உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா என்று கேட்டு, அவர்கள் முனகுவதை எட்டிப் பிடித்து, சாயங்காலம் ஆவதற்குள் மண்டை காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அந்த அறையில் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருவார். சத்தம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோகும். அது இல்லாவிட்டால் மறுநாள் அவர் மனுஷனாக நடமாட முடியாது. மனைவிக்கும் அது தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். அந்த அறைமேல் மைத்துனருக்கு ஒரு கண் என்று சில நாளாக அவருக்குச் சந்தேகம். மைத்துனரைக் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீடுகளில் அவருடைய ஏலக் குரலைத் தாங்க முடியவில்லையாம்.

அந்த வாரம் ஒரு நாள் மனைவியை அழைத்துவரக் கிளினிக்குக்குப் போனார். அவள் வேலையில் இருந்தாள். முகத்தில் மாஸ்க். கையில் பல்லைக் குடையும் மெஷின். பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய் கரகரத்துக்கொண்டிருந்தது. அவரைத் திரும்பிப் பார்த்து, கண்ணால் சிரித்து, என்னவோ கேட்டாள். உதடும் தெரியவில்லை, சத்தமும் பிரியவில்லை. இவர் விடுவாரா? கழுத்து நோக இடமும் வலமும் ஆட்டினார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து தள்ளாடி வந்து, கருவியைக் கழற்றக் கையைக் காதுக்குக் கொண்டுபோனபடியே பின் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டில். இரண்டு பெட்டி. கட்டில்மேல் மைத்துனர். "வாங்க மாப்ளே" என்ற குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நேரே சமையலறைக்குப் போனார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் எதுக்கு என் ரூம்ல இருக்காரு?"

"நீங்கதானே சரின்னீங்க."

"நான் எங்க சரின்னேன்? இல்லைன்னுதான் தலையாட்டினேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"அதேதான். அண்ணன் ஒரு மாசம் நம்ம வீட்டுல இருக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னு ஆட்டினீங்க. அவ்ளோ அழுத்தமா நீங்க எதுக்குமே ஆட்டினதில்லை."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தப்பிக்க ஒரே ஒரு வழிதான். உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் கிளினிக்கில் ஆட்டியது செல்லாது என்றால், காபிக் கடையில் ஆட்டியது மட்டும் எப்படிச் செல்லும்? இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானம். அதை ஒரு அறைக்காக விடுவதா என்று யோசித்துப் பார்த்தார். உடம்பில் இருந்த களைப்பு, விட்டுவிடு என்றது.

"எனக்குக் கேக்கல."

அவள் குழாயை நிறுத்தினாள்.

"கிளினிக்ல மட்டுமில்ல. மிக்ஸி ஓடறப்பவும் கேக்கல. அன்னிக்குக் காபிக் கடைல நீ கேட்டியே, அதுவும்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே ஆட்டிட்டீங்க. கேள்வி என்னன்னு தெரிஞ்சு நீங்க பின்வாங்கறதுக்குள்ளன்னுதான் மறுநாளே அப்பாவை அனுப்பினேன்." கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். "கேக்கல, திரும்பச் சொல்லுன்னு ஒரு நாளாவது கேப்பீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குங்க. நான் என்னிக்காவது உங்ககிட்ட விடுங்கன்னு சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தார். சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கி மூச்சு தாராளமாக வந்தது. அந்தத் தெம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, இப்ப கேக்கறேன். நீ கேட்டது எனக்குக் கேக்கல. திரும்பக் கேளு."

அவள் மின்விசிறியை அணைத்தாள். உதடு தெரியும்படி விளக்குக்கு நேரே நின்றாள். நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணன் ஒரு மாசம் அந்த ரூம்ல இருக்கட்டுமா?"

ஓர் எழுத்து விடாமல் கேட்டது. அவர் தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, ஆண்மகனாக, தெளிவாகச் சொன்னார்.

"வேண்டாம்."

மனைவி சிரித்த முகத்தோடு தலையை மேலும் கீழும் ஆட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு போர்வையும் தலையணையும் எடுத்துக்கொண்டு பின் அறைப் பக்கம் நடந்தாள்.

"எங்க போறே? வேண்டாம்னு சொன்னேனே."

அவள் நின்று, அவர் பக்கம் முழுசாகத் திரும்பி, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் நிறுத்திச் சொன்னாள்.

"எனக்குக் கேக்கல."