டீசல் எஞ்சின் படத்துக்கு நான் சொன்ன தமிழ்

தோர்ண்டன் ஹீத், லண்டன்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மருமகள் அஞ்சலீனாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம். லண்டனின் மற்றப் பக்கம், எட்மண்டனில் சிநேகிதி வீட்டில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்குமென்று நான் முன்னமே சொன்னவன். நீதான் போன் எடுப்பதில்லையே, அதனால் எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை பழகப் போவதாக நீ சொல்ல, "பொம்பிளைப் பிள்ளைக்குக் கிறீஸ் கையோ?" என்று பெற்ற தகப்பன், கொப்பர், உன் இரும்பு முனைச் சப்பாத்தை ஒளித்துவைக்க, நீ கோபித்துக்கொண்டு போய் மூன்று கிழமை. அதற்கு மருந்து என்னிடம்தான் இருந்தது. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த மனுசனைப் பற்றி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜெர்மன்காரர் எடுத்த பழைய படம். போன ஞாயிறு பங்கு மண்டபத்தில் முதியோர் கூட்டத்துக்குப் போட்டு, கொப்பரை முன்வரிசையில் இருத்தினேன். ஒரு சின்னக் குறை, படத்தின் அடியில் ஆங்கில எழுத்து ஒரு வரியும் இல்லை. அதனாலென்ன, ஜெர்மனி அகதி முகாமில் எட்டு மாதம் இருந்தவன் நான். அங்கே அதிகாரிகளே என்னிடம் இலக்கணம் கேட்டவர்கள். மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். எஞ்சின் வெடித்தபோது நான் போட்ட சத்தத்தில் அருள்நாயகி ரீச்சரின் தேத்தண்ணி அவவின் மடியில்.

"செபஸ்தி, அந்தாள் ரெண்டு சொல்லுத்தான் சொன்னது. நீர் செபமாலையெல்லே சொல்லுறீர்!"

"ஜெர்மன் சுருக்கமான பாஷை, ரீச்சர்."

பிறகு ஒரு மீசைக் கிழவர் வந்து, கண்டுபிடித்தவரைப் பார்த்துக் கத்தினார். நான் குரலைத் தாழ்த்தினேன். "இவர்தான் தேப்பன். சொல்லுறார்: உன்ர கையில எண்ணெய் பிரண்டாலும் நீ என்ர பிள்ளைதான், வீட்டை வா."

கொப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் என் கையைப் பிடித்தார்.

"மச்சான், அந்தாள் அப்பிடியே சொன்னவர்?"

"ஓம் அத்தான், சொல்லுக்குச் சொல்."

"சரி" என்றார். இன்று போய்ப் பார்க்கிறேன், ஷெட்டுக்குள் ஒளித்த உன் சப்பாத்து பொலிஷ் பூசி வாசற்கதவடியில் இருக்கிறது.

நீ தொடுகிற எஞ்சினெல்லாம் இருமாமல் ஓட மாதா துணை நிற்பாவாக.

இப்படிக்கு,
ஜெர்மன் அறிந்த உன் மாமா,
செபஸ்தியாம்பிள்ளை

பி.கு.: அந்தக் கிழவர் தகப்பனோ வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரோ, எனக்குத் தெரியாது. வசனம் முழுக்க என்னுடையது. முகாமில் நான் படித்த ஜெர்மன் உருளைக்கிழங்கும் 'வரிசையில் நில்'லும்தான். உறையை ஒட்டும்போது என் அக்கா, கொம்மா, சொல்லுறா: "உன்ர அத்தான் கலியாணத்துக்கு முந்தி நாலு வருசம் ஜெர்மனியில வேலை செய்தவரெல்லே, மறந்துபோனியோ?" மனுசன் எல்லாம் விளங்கிக்கொண்டுதான் கண்ணாடி துடைத்திருக்கிறார். வந்துவிடு பிள்ளை. சப்பாத்து மட்டும் சத்தியமாக உண்மை.