கமுக்கத்துக்கு முழு மதிப்பெண்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் அந்தரங்கம் என்ற ஒன்றைக் கூட்டம் போட்டு, மைக் செட் கட்டிப் பரிசோதித்த பெருமை திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், மலைப்பார்வை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தையே சேரும். மற்ற ஊர்க்காரர்களுக்கு வயிறெரிந்தால் சங்கம் பொறுப்பல்ல.

சங்கத் தலைவர் கண்ணாயிரத்தின் மகன் செழியன், ‘கமுக்கம்’ என்று ஒரு ஆப் செய்திருந்தான். நகர்வாசிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பலாம். குறையிருந்தால் பெயர் வெளியே வராமல் தலைவருக்கே புகாரும் அனுப்பலாம். தலைவரைப் பற்றிய புகாரும் தலைவருக்கே போகும்; இதைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது? சில மாதங்களாக அது எல்லார் போனிலும் இருந்தது. அதன் எளிமையையும் அந்தரங்கத்தையும் மதிப்பிட்டுச் சான்று வழங்க ஓர் ‘உயர்மட்டக் குழு’ அமைந்தது. கணக்கு டீச்சர் என்பதால் தர்மவதியையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

தர்மவதிக்கு அன்று எதிலும் மனசு ஒட்டவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் வர்ஷா மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் ஒரு மிடறு குடிக்காத சமணக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கதி! காரணம் தர்மவதிக்குத் தெரியும். நகரின் முனையில் கண்ணாயிரத்தின் லாட்ஜ் இருக்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் தங்கிப் போனதும் அதன் செப்டிக் டேங்க் நிரம்பி, பூமிக்குள் இறங்கி, பொது போர்வெல்லில் கலந்துவிடும். குழாயைத் திறந்தால் குமட்டும். கமுக்கத்தில் அவள் இதையெல்லாம் விலாவாரியாக எழுதிவிட்டாள். ‘அனுப்பு’ பொத்தானைத்தான் அழுத்தவில்லை. கணவன் நிர்மலின் பாத்திரக்கடை கண்ணாயிரத்தின் கட்டடத்தில் இருந்தது. எழுதியது யாரென்று தெரிந்தால் மறுநாளே பாத்திரமெல்லாம் தெருவில் உருளும். ஆப் நிஜமாகவே பத்திரமானதுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ‘பயன்பாட்டு எளிமை’. சங்கச் செயலாளர் மூர்த்தி, எதிர்வரிசையில் இருந்த பாஞ்சாலைக்கு ரகசியச் செய்தி ஒன்றை அனுப்பினார். அனுப்பிய கையோடு எழுந்து நின்றார்.

“பாஞ்சாலம்மா! ரகசியமா ஒண்ணு அனுப்பியிருக்கேன், வந்துச்சா பாருங்க!”

“இன்னும் வரலீங்களே. இன்னா போட்டிருக்கீங்க?”

“உங்க வீட்டு கிரைண்டர் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு போட்டிருக்கேன்.”

“ஆங், வந்துட்டுது! அதேதாங்க!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ‘செய்தி சென்றடைந்தது, பொருள் மாறவில்லை’ என்று குழு பதிவு செய்தது.

அடுத்தது அந்தரங்கம். ஆப்பைத் திறக்க ஒவ்வொருவரும் நாலு இலக்க எண் வைத்திருந்தார்கள். அவரவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்தவர் போனை எடுத்துத் திறக்க முயல வேண்டும் என்று செழியன் விளக்கினான்.

“யாராலயும் கண்டுபுடிக்க முடியாத நம்பரா வச்சிருக்கீங்க இல்ல?”

“பின்ன? நாங்க இன்னா சின்னப் புள்ளைங்களா?” என்றார் மூர்த்தி.

தர்மவதி கைக்குப் பாஞ்சாலையின் போன் வந்தது. நாலு பூஜ்யம் போட்டாள். ஒன்றிலிருந்து நாலு வரை போட்டாள். அது அசையவில்லை. வேறெதுவும் தோன்றாமல் தன் சொந்த எண்ணையே போட்டாள்: 2668. மலையின் உயரம், அடிக்கணக்கில். கார்த்திகை தீபம் வந்தால் எல்லாப் பேப்பரிலும் வருவது, ஊரில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்வது. யாருக்கும் தோன்றாது என்று ராவெல்லாம் யோசித்து அவள் பிடித்த எண். ஆப் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

உள்ளே, அனுப்பாமல் கிடந்தது ஒரு புகார். ‘லாட்ஜ் கக்கூஸ் தண்ணி போர்ல கலக்குது. எங்க வீட்ல எல்லாருக்கும் பேதி. என் பேரு வரக்கூடாது.’ தேதியைப் பார்த்தாள். வர்ஷா காமாலையில் படுப்பதற்கு முன்னால் எழுதியது. அடிப்பாவி, தெரிந்துமா வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. தன் புகாரும் வர்ஷா படுப்பதற்கு முன்னால் எழுதியதுதான் என்று நினைவு வரவே, வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய போன் மூர்த்தியின் கையில் இருந்தது. அவர் படித்து முடித்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் யாருமே எண்ணை அழுத்திக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அதே மலை, எல்லாருக்கும் அதே புகார்.

“இன்னா, யாருக்காச்சும் தொறந்துச்சா?” மைக்கில் கேட்டார் கண்ணாயிரம்.

“இல்லீங்க தலைவரே,” என்றார் மூர்த்தி.

“அசையவே மாட்டேங்குதுங்க,” என்றாள் பாஞ்சாலை.

“டீச்சர், உங்களுக்கு?”

அந்த நேரத்தில் அவள் ஒருத்தி எழுந்திருந்தால் போதும், மொத்த மண்டபமும் எழுந்திருக்கும். ஆதாரம் எல்லார் கையிலும் இருந்தது. நிர்மலின் கடை கண்முன் வந்து நின்றது.

“தொறக்கலைங்க,” என்றாள்.

கமுக்கத்துக்கு ஏகமனதாக முழு மதிப்பெண் வழங்கப்பட்டது. அதில் தவறென்ன? எத்தனை கை திறந்து படித்தாலும் ஒரு சொல் வெளியே போகாத பாதுகாப்பை எந்தச் சீமைக் கம்பெனி இதுவரை கொடுத்திருக்கிறது? செழியனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவள் தர்மவதி.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணெல்லாம் மஞ்சளாக, ட்ரிப்ஸ் ஏறும் கையை நீட்டிப் படுத்திருந்தாள் வர்ஷா.

“தண்ணி விஷயத்த சொல்லிட்டியாம்மா?”

“எழுதி வச்சிருக்கேன்டா. நான் மட்டும் இல்ல, எல்லாருமே எழுதி வச்சிருக்காங்க.”

“எப்பலேர்ந்து?”

“நீ படுக்கறதுக்கு முன்னாடியே.”

வர்ஷா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அப்ப தெரிஞ்சேதான் எங்களுக்கு அந்தத் தண்ணியக் குடுத்தீங்களா?”

மதிப்பீட்டு வரம்புக்குள் வராத கேள்வி என்பதால், இது குழுவின் அறிக்கையில் சேர்க்கப்படவில்லை.