கோட்டை அக்காவும் காற்சட்டை இல்லாத ராசாவும்

ஐரோப்பாவின் பழைய ராணிகள் அத்தனை பேரையும் சொந்தக்காரராக்கி வைத்திருந்த தமிழ்ப் பெண் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஒஸ்லோவில், புருசெத் என்ற பகுதியில், எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில் இருந்தார். இதை நான் எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். ஒலிவாங்கியை மட்டும் கையில் தந்தால் போதும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளுக்குக் காலங்காலமாக அறிவிப்பாளனாக நிற்பவன் நான், தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

அவருடைய பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். கோட்டை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். மட்டக்களப்பில் பிறந்து, சின்ன மகள் ஒருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு தனியே இங்கு வந்து, நோர்வேஜிய மொழி படித்து, பஸ் ஓட்டிய மனுஷி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆகர்ஷூஸ் கோட்டை இருக்கிறதல்லவா, எந்தக் கதையைத் தொடங்கினாலும் அக்கா அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார். பஸ்ஸை மட்டும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார்.

எல்லாம் மொழி வகுப்பில் தொடங்கியது. ஆசிரியை ஒருநாள் வகுப்பையே கோட்டைக்குக் கூட்டிப்போய்க் கதை சொன்னாராம். டென்மார்க் ராசாவின் மகள் மார்கிரேத்தே. பத்து வயதில் நோர்வே ராசாவுக்குக் கட்டிக்கொடுத்து இந்தக் கோட்டையில் கொண்டுவந்து விட்டார்கள். வளர்ந்த பிறகு ஒருமுறை, ராசா எங்கோ தூரத்தில் இருக்க, கோட்டையில் சாப்பாட்டுச் சாமான் முடிந்து, தானும் வேலைக்காரரும் படும் பாட்டை அவள் புருஷனுக்கு எழுதி அனுப்பினாள். வகுப்பில் மற்றவர்கள் கடலைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கையை உயர்த்தி, பிறகு அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டிருக்கிறார். ஆசிரியைக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க அக்கா நூலகத்துக்குப் போனார். போனவர் அந்தக் காலத்திலேயே தங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு புளொக்கில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அக்காவிடம் அதற்கு ஒரு ராணியோ கன்னியாஸ்திரியோ கைவசம் இருந்தாள். வயிறு ஊதினால், ஜெர்மனியில் ஹில்டெகார்ட் என்றொரு மடத்துத் தலைவி பெருஞ்சீரகத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாள், இரண்டு கிள்ளு போட்டு மெல்லு என்பார். விவாகரத்தாகி அழுதுகொண்டு வந்த பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்து, எலினோர் என்றொருத்தி பிரான்ஸ் ராசாவை விட்டுவிட்டு வந்து இங்கிலாந்துக்கே ராணியான கதையைச் சொன்னார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு வீடு போனது. அது இங்கிலாந்துக்குப் போகவில்லை, இங்கே பக்கத்தில் வெஸ்ட்லியில் நல்ல ஒரு பெடியனைக் கட்டிச் சந்தோஷமாக இருக்கிறது.

வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றிக் குடியிருப்புச் சபையுடன் எனக்கு ஒரு கொழுவல் இருந்தது. நேரே போய்க் கேட்கத் தயங்கினேன். அக்கா படியில் வைத்துப் பிடித்தார்.

"சுவீடனில பிர்கித்தா எண்டு ஒருத்தி. எட்டுப் பிள்ளை பெத்தவள். ரோமாபுரிக்குப் போய்ப் பாப்பரசருக்கே புத்தி சொன்னவள். நீ நாலு படி இறங்கிப் போய் ஒரு வார்த்தை கதைக்க மாட்டாயா மனே?"

இறங்கிப் போனேன். இடம் கிடைத்தது.

ஆனாலும் மார்கிரேத்தேதான் செல்லப்பிள்ளை. தை மாதத்தில் ஒருநாள், பசியோடு இருந்த பிள்ளைக்குப் படைக்க வேண்டுமென்று, சோறும் கறியும் வடையும் அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கோட்டை மதிலோரம் பனியில் வைத்துவிட்டார். கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால் காவல் நிற்கும் சிப்பாய்ப் பெடியன் முன்னால் நிற்கிறான். மதிலடியில் பளபளவென்று ஒரு பொதி கிடந்தால் எந்தச் சிப்பாய் சும்மா இருப்பான்? இது யாருக்கு என்று கேட்டிருக்கிறான். ராணிக்கு என்றிருக்கிறார் அக்கா. எந்த ராணிக்கு என்றான். அக்கா விளக்கத் தொடங்கினார். குளிருக்குள் நின்று முழுக் கதையையும் கேட்ட பிறகு, பொதியை இங்கே விட முடியாது அம்மா என்று பணிவாகச் சொன்னான். சரி, நீ சாப்பிடு என்றார். கடமையில் சாப்பிடக் கூடாது என்றான். அப்படியென்றால் கடமையில் இல்லாதவனைக் கூப்பிடு என்றார். கடைசியில் வெறுங்கையோடுதான் அக்கா வீடு வந்தார். யார் சாப்பிட்டார்கள் என்று எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லை.

இனி விளையாட்டுப் போட்டிக்கு வருகிறேன். எங்கள் சனம் எந்த நாட்டுக்குப் போனாலும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் கட்டிக்கொண்டு போகும். பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு தமிழ் மன்னனின் பெயரும் ஒரு நிறமும் கொடுத்து, ஓட்டத்துக்குப் புள்ளி, அணிநடைக்குப் புள்ளி, இல்லக் கூடாரத்தை அலங்கரிப்பதற்கும் புள்ளி. எங்களிடம் மூன்று மன்னர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சேர, நாலாவது இல்லம் தேவைப்பட்டது. நாலாவது மன்னன் யார் என்று கூட்டம் கூடினோம். சோழன் என்றார் ஒருவர், பாண்டியன் என்றார் இன்னொருவர். கோட்டை அக்கா எழுந்து, மார்கிரேத்தே இல்லம் என்றார்.

உடனே, இருக்கிற மூன்றில் ஒன்றான சங்கிலியன் இல்லத்துப் பொறுப்பாளர் எழுந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், எல்லோருக்கும் அவர் சேர். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"பொம்பிளையின்ரை பேரிலை இல்லம் வைச்சால் எங்கடை பெடியள் என்னத்தைப் போட்டுக்கொண்டு ஓடுறது? காற்சட்டையைக் கழட்டி வைச்சிட்டே?"

அக்கா சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், முகம் முழுக்கப் பூரிப்பு. சுவீடனில் ஆல்பிரெக்ட் என்றொரு ராசா இருந்தானாம். வளர்ந்து தானே நாடு ஆண்ட மார்கிரேத்தேயைக் காற்சட்டை இல்லாத ராசா என்று நக்கலடித்தவன் அவன்தானாம். போதாததற்கு, ஊசி தீட்டிக்கொண்டு வீட்டில் இரு என்று சாணைக்கல் ஒன்றும் அனுப்பி வைத்தானாம். அதுக்கு மறுகா என்ன நடந்தது தெரியுமா என்று அக்கா சபையைப் பார்த்தார். அவள் அவனைச் சண்டையில் பிடித்து, நீள வால் வைத்த கோமாளித் தொப்பியைத் தலையில் போட்டுவிட்டாளாம். சபை கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து சேர் எங்களுக்கு ஆல்பிரெக்ட் சேர்.

சேருக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஒரு வருடம் பெயர் இருக்கட்டும், கடைசி இடம் வந்தால் அடுத்த வருடம் மன்னன் பெயர்தான் என்று தீர்மானம் எழுதுவித்தார். அக்கா ஒத்துக்கொண்டார். வெளியே பஸ் தரிப்பிடத்தில் என்னோடு நின்றபோதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பாஷை தெரியாத ஊருக்கு வந்தவள் தம்பி. புருசனும் போய், பெத்த ஒரே மகனும் போய், எழும்பி நிண்டு டென்மார்க், நோர்வே, சுவீடன் எண்டு மூண்டு நாட்டை ஆண்டவள். நம்மட பொம்பிளைப் பிள்ளைகள் அவள்ற பேரைச் சொல்லிக்கொண்டு ஓடுறதை ஒருக்கா எண்டாலும் நான் பார்க்கோணும். அந்தப் பேரை மட்டும் அழிக்க விடாதே."

பஸ் வரும்வரை நான் அவருடைய பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

போட்டி நாள் வந்தது. அக்கா தமிழ்க் கடைக்காரரிடம் காட்போட் பெட்டியெல்லாம் வாங்கி, ஊதா நிறம் பூசி, ஆகர்ஷூஸ் கோட்டையையே மைதானத்தில் கட்டியிருந்தார். கோபுரம், மதில், வாசல் எல்லாம் இருந்தன. அலங்கார நடுவர்கள் கிட்ட வரும்போது மழை பிடித்தது. ஒஸ்லோ மழைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்ற மரியாதை எல்லாம் கிடையாது. கோபுரம் குனிந்தது, மதில் கரைந்தது, பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்தெல்லாம் ஊதாவாயின. அக்கா என்னிடம் ஓடிவந்து, முற்றுகைக்குப் பிறகான கோட்டை என்று அறிவி என்றார். அப்படியே அறிவித்தேன். நடுவர்கள் இரக்கப்பட்டு ஏதோ ஒரு புள்ளி போட்டார்கள்.

மாலைக்குள் மார்கிரேத்தே இல்லம் அடியில் கிடந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று, தாய்மாருக்கான கயிறிழுத்தல். அதில் வென்றால் கடைசி இடத்திலிருந்து ஒரு படி ஏறலாம், தோற்றால் பெயர் போய்விடும். எதிரே நின்றது யார்? சங்கிலியன் இல்லம். ஆல்பிரெக்ட் சேர் கையைக் கட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்கு அருகில் நின்றார்.

முதல் இழுவையில் எங்கள் பெண்கள் பொத்தென்று விழுந்தார்கள். எங்கள் பெண்கள் என்கிறேனே, அறிவிப்பாளன் பக்கம் சாயக் கூடாது, நான் அதற்கு முன்பே சாய்ந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தார் முன்னால் நின்று தங்கள் பாட்டுக்கு இழுத்தார்கள். மட்டக்களப்பார் பின்னால் நின்று வேறு நேரத்தில் இழுத்தார்கள். நடுவில் நின்ற தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருத்தி மூச்சிரைக்கச் சொன்னாள்.

"அக்கா, யாராவது ஒருத்தர் சொல்லுங்க, எப்போ இழுக்கிறதுன்னு. ஆளாளுக்கு இழுத்தா எப்படி?"

கோட்டை அக்கா சப்பாத்தைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகினார். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஈரப் புல்லில் காலை ஊன்றினார்.

"மூண்டு நாட்டை அவள் ஒருத்தி பிடிச்சவள். நாம மூண்டு ஊர், ஒரு கயிறு. நான் ஏலேலோ எண்டா மூச்சைப் பிடியுங்கோ, ஐலசா எண்டா இழுங்கோ. எல்லாருக்கும் விளங்கிச்சா?"

அதற்கு யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஊரில் கடலுக்கு இந்தப் பக்கத்தாருக்கும் அந்தப் பக்கத்தாருக்கும் அந்த மீனவர் பாட்டு ஒன்றுதான். பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்ட குரல் அன்று மைதானத்தின் கடைசி வரை கேட்டது. இரண்டாவது இழுவை எங்களுக்கு வந்தது. மூன்றாவதில் கயிறு நடுவில் நின்று நடுங்கியது, அங்கும் போகவில்லை, இங்கும் வரவில்லை. நான் ஒலிவாங்கியிலேயே ஐலசா சொல்லத் தொடங்கிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த நோர்வேஜிய மருமக்களும் சொன்னார்கள். சங்கிலியன் இல்லத்துப் பெண்கள் ஒரேயடியாக நடுக்கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள்.

பெயர் தப்பியது. ஊதாச் சப்பாத்தோடு பெண் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அக்கா இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலே நின்று பார்த்தார். எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. நான் பெற்ற பிள்ளை மருத்துவராக வந்தபோதும் நான் அப்படிக் கத்தவில்லை.

அப்போது ஆல்பிரெக்ட் சேர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, தைச்சு வைச்சிருப்பியள் எண்டு தெரியும், கொண்டாங்கோ தொப்பியை என்றார். அக்கா தைத்துத்தான் வைத்திருந்தார், பழைய ஊதாச் சேலையில், நீள வாலோடு. ஆனால் போடவில்லை.

"அவள் போட்டவள் சேர், நான் போட மாட்டன். நீங்க அடுத்த வருசமும் இதே மாதிரிக் கதைக்கோணும். ஆல்பிரெக்ட் இல்லாட்டி எங்களுக்கு ஆரு கோபம் மூட்டுறது?"

சேர் தொப்பியைப் பறித்துத் தானே போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். அவருடைய இல்லத்துப் பிள்ளைகள் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

இப்போது அக்கா ஒஸ்லோவில் இல்லை. மகளுக்கு வேலை ஹம்மர்பெஸ்டில், பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது, அவரும் வடக்கே போய்விட்டார். அங்கேயும் பஸ்தான் ஓட்டுகிறாராம். அங்குள்ள சனத்துக்கு இனி எந்தெந்த ராணி வருவாளோ தெரியாது.

இந்த வருடப் போட்டிக்கு நகரசபையிலிருந்து ஒரு விருந்தினர் வந்திருந்தார். தமிழ் மன்னர்கள் நடுவே மார்கிரேத்தே என்ற பெயரைக் கண்டு ஆச்சரியப்பட்டு, ஊதாச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண்ணிடம், மார்கிரேத்தே யார் என்று தெரியுமா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். அது முதலாம் வகுப்புப் பிள்ளை. யோசிக்கவே இல்லை. முன்பு புருசெத்தில் பஸ் ஓட்டினவ, இப்போது ஹம்மர்பெஸ்டில் இருக்கிறா என்றது.

ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. திருத்த எனக்கு மனம் வரவில்லை.