நெட்டில் பட்ட சர்வீஸ்

உலகின் தலைசிறந்த டென்னிஸ் வீரர் யார் என்ற கேள்வி, 1990-ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை முற்பகல் பத்தே முக்காலுக்கு, தாம்பரத்திலுள்ள எங்கள் அரசு அலுவலகத்தில் முறைப்படி பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். நான் அங்கே டைப்பிஸ்ட்டாக இருந்தவள். என் பென்ஷன் ஃபைல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

முந்தின நாள்தான் விம்பிள்டன் இறுதிப் போட்டி. ஐந்து செட் ஆடி எட்பர்க் பெக்கரைத் தோற்கடித்திருந்தார். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் சாலமோன் சார் பெக்கர் கட்சி. உதவியாளர் ஜீவரத்தினம் எட்பர்க் கட்சி. இருவரும் ராக்கெட்டைத் தொட்டதில்லை. டென்னிஸ் பந்தைத் தொட்டதுண்டு, தெருவில் கிரிக்கெட் ஆடியபோது.

"ரெண்டு செட் போனப்புறம் ரெண்டு செட்டைத் திருப்பினான் பாருங்க, அவன் ஆம்பளை!" என்றார் சாலமோன் சார்.

"கப்பு யார் வீட்டுக்குப் போச்சு சார்?"

"கப்பா பெருசு? பெக்கர் தரையில விழுந்து புரண்டு பந்தை எடுக்கிறான். உங்காளு பொண்ணு பார்க்க வந்த மாதிரி சட்டை கசங்காம ஆடுறான்."

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். குப்புராஜ் என்று ஒருவர் இருந்தார். திருநீர்மலையிலிருந்து சைக்கிளில் வந்து, பதினோரு வருடமாக எங்களுக்குத் தண்ணீர் பிடித்து வைத்து, ஃபைல் தூக்கி, பூட்டுத் திறந்து பூட்டியவர். பதினோரு வருடமும் தற்காலிகம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் நிரந்தரம் கிடையாது என்பது விதி. ஜூலைக்குள் அவருடைய சர்வீஸைச் சேர்த்துக் கணக்கிட்டு ஆணை போட வேண்டும். ஜீவரத்தினம் குறிப்பு எழுத வேண்டும், சாலமோன் சார் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்பர்க் ஆள் எழுதிய குறிப்பில் பெக்கர் ஆள் கையெழுத்துப் போடுவதா? மார்ஜின் போதாது என்று ஃபைல் திரும்பியது. மார்ஜின் விட்டு எழுதினார். மார்ஜின் அதிகம் என்று மறுபடி திரும்பியது. இந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் மட்டும்தான். அன்று நானும் கூடக் கொடி பிடித்தேன்.

"சார், என் சர்வீஸு இன்னா ஆச்சு?" என்று தினமும் கேட்பார் குப்புராஜ்.

"உன் சர்வீஸை விடுப்பா. எட்பர்க் சர்வீஸைப் பார்த்தியா? துள்ளி எழும்புது!" என்பார் ஜீவரத்தினம்.

பேஜார் முற்றி விவகாரம் எங்கள் அலுவலர் பொன்னுசாமி சாரிடம் போயிற்று. அவருக்கு டென்னிஸ் தெரியாது. விதிகள் தெரியும்.

"ரூல்ஸ் இருக்கும்போது விவாதம் எதுக்கு?" என்றார். "ஒவ்வொருத்தரா சர்வீஸ் பர்ட்டிகுலர்ஸ் சொல்லுங்க. பெக்கர் எப்ப சேர்ந்தார்?"

"எண்பத்தஞ்சுல பதினேழு வயசுலயே விம்பிள்டன் ஜெயிச்சுட்டார் சார்" என்றார் சாலமோன் சார் பெருமையாக.

"பதினெட்டு பூர்த்தி ஆகலை. செல்லாது. அடுத்து?"

"மெக்கன்ரோ. என்னமா ஆடுவார்! ஆனா அம்பயர்கிட்ட கத்துவார்."

"அம்பயர் எங்க உட்காருவார்?"

"உயரமான நாற்காலியில சார்."

"அப்போ மேலதிகாரி. ஒழுங்கு நடவடிக்கை. அடுத்து?"

"போர்க். தொடர்ச்சியா அஞ்சு விம்பிள்டன். வாயே திறக்க மாட்டார். இருபத்தாறு வயசுல போதும்னு போயிட்டார்."

"ராஜினாமாவா? ராஜினாமா செஞ்சா முன் சர்வீஸ் எல்லாம் பறிபோயிடும். அஞ்சும் போச்சு."

"எட்பர்க் மேல ஒரு புகார்கூடக் கிடையாது சார்" என்று ஜீவரத்தினம் முந்திக்கொண்டார்.

பொன்னுசாமி சார் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஒரு புகாருமே இல்லையா? அப்போ வேலையே செஞ்சிருக்க மாட்டார்."

இப்படி மூன்று வாரம் போயிற்று. ஜூலை முப்பத்தொன்றும் வந்தது. அன்று ஜீவரத்தினம் கடைசி முயற்சியாக அலுவலருக்கு ஆட்டத்தின் விதிகளை விளக்கினார். "சர்வீஸ் போடும்போது பந்து நெட்ல பட்டுட்டு உள்ள விழுந்தா, அதுக்குப் பேரு லெட் சார். சரியும் இல்லை, தப்பும் இல்லை. அந்த சர்வீஸ் கணக்குல வராது. மறுபடி போடணும்."

பொன்னுசாமி சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "சரியும் இல்லை, தப்பும் இல்லை, கணக்கிலும் வராது. இவ்வளவு நல்ல ரூல் நம்மகிட்ட இல்லாம போச்சே!"

அவர் பார்வை மேசை மேலிருந்த குப்புராஜ் ஃபைலில் விழுந்தது. தற்காலிக ஊழியருக்கு வருடா வருடம் மார்ச் கடைசியில் ஒருநாள் வேலை இல்லை என்று எழுதி, மறுநாள் புதிதாகச் சேர்ப்பது வழக்கம். அந்த ஒருநாளும் குப்புராஜ் வந்து தண்ணீர் பிடித்தார் என்பது வேறு விஷயம்.

"இடையில ஒருநாள் தட்டுதே" என்றார் அலுவலர்.

"லெட்!" என்றார் சாலமோன் சார்.

"லெட்டேதான்!" என்றார் ஜீவரத்தினம்.

இருபத்திரண்டு நாளாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் ஒரே ஃபைலில் ஒரே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "மேற்படியாரின் பணிக்காலம் இடையில் தடைபட்டுள்ளதால், அது கணக்கில் கொள்ளப்படாமல், 1.8.1990 முதல் மீண்டும் தொடங்குவதாகக் கருதப்படும்." டைப் அடித்தவள் நான். நான்கு பிரதி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, அதுதான் எனக்கு வெட்கம்.

"இன்னாக்கா எழுதிகீது? நான் கெலிச்சேனா, தோத்தேனா?" என்று கேட்டார் குப்புராஜ்.

"ரெண்டும் இல்லைண்ணா. முதல்லேர்ந்து."

"பதினோரு வருசம் தண்ணி புடிச்சேனே, அது?"

நான் ரிப்பன் மாற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அக்டோபரில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தாம்பரம் அலுவலகம் கண்டறிந்த கொள்கை பெரிதும் பாராட்டத்தக்கது என்றும், எக்காரணத்தாலாயினும் ஒருநாள் தடைபட்ட அனைவரின் பணிக்காலமும் நவம்பர் ஒன்று முதல் மீண்டும் தொடங்கும் என்றும் அதில் இருந்தது. வேலைநிறுத்த நாளும் இதில் அடங்குமாம். சாலமோன் சாருக்கு இருபத்தாறு வருடம் போயிற்று, ஜீவரத்தினத்துக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினாறு. பதவி உயர்வில் வந்தபோது ரயிலைத் தவறவிட்டு ஒருநாள் தாமதமாகச் சேர்ந்த பொன்னுசாமி சாரும் தப்பவில்லை.

புதிய மூப்புப் பட்டியலையும் நானே டைப் அடித்தேன். எங்களையெல்லாம் விட மூன்று மாதம் முந்தியவர் என்பதால் முதல் பெயர் குப்புராஜ். அவரை நிரந்தரமாக்க முடியாது, வயது தாண்டிவிட்டது.

பட்டியலைச் சுற்றி நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். குப்புராஜ் தண்ணீர்க் கூஜாவோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க சர்வீஸும் நெட்ல பட்டுகிச்சா?"

மூத்த ஊழியர் பேசும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான்கு பேரும் எழுந்து நின்றோம். தண்ணீரை மட்டும் அவரே ஊற்றினார்.