கீறல் விழாத கல்வி

வரைபடம் வரைகிறவர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்ட மூலையில் கும்பிடுநாடு என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் மாமன்னர் அயல்நாட்டுக்குப் போயிருந்தபோது, தொட்டால் ஒளிரும் பலகை ஒன்றைக் கண்டு அசந்துபோனார். ஊர் திரும்பியதும் ஆணை பிறந்தது. பள்ளிக்குப் பத்து ஒளிப்பலகை. திட்டம் வென்றே தீர வேண்டும். தோற்ற பள்ளி மூடப்படும்.

வெற்றி என்றால் என்ன என்று தீர்மானிக்க ஒரு குழு மூன்று நாள் விருந்துண்டு யோசித்தது. நான்காம் நாள் கல்வி அமைச்சர் எழுந்தார்.

"பிள்ளையின் மண்டைக்குள் போனது கண்ணுக்குத் தெரிவதில்லை. பலகைமேல் விழும் கீறல் தெரிகிறது. ஆகவே கீறலை அளப்போம். கீறல் குறைந்தால் கல்வி வளர்ந்தது என்று பொருள்."

குழு கைதட்டியது. இப்படி ஒரு மூளை நமக்கு வாய்த்ததே என்று இரண்டொருவர் கண்கலங்கினார்கள்.

நாட்டின் கடைக்கோடியில் ஆவாரங்காட்டுப் பள்ளி. அங்கே செங்கமலம் டீச்சருக்கு மூன்றாம் வகுப்பு. இருபத்தாறு பிள்ளைகள்; ஒருவருக்கும் எழுத்துக்கூட்டக்கூட வராது. இந்த வருஷம் இதுகளை வாசிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். பலகைகள் வந்திறங்கியபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. தலைமையாசிரியர் தாண்டவமூர்த்தி அன்றைக்கே அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஆணை வந்தது. பீரோவின் புழுக்கம் பலகைக்கு ஆகாது, காற்றோட்டமான அறையில் வைக்கவும். அப்படி இருந்தது மூன்றாம் வகுப்பு அறை ஒன்றுதான். பலகைகள் உள்ளே போயின, பிள்ளைகள் மரத்தடிக்கு வந்தார்கள். மூன்றாவது ஆணை, பிள்ளைகளின் இரைச்சலில் பலகை அதிரக்கூடும் என்றது. மரத்தடியிலிருந்து அவர்கள் ஏரிக்கரைக்குப் போனார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் பாடமே இல்லை.

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நனைந்த சேலையோடு தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அறைச் சாவியக் குடுங்க."

"ஏம்மா என் பொழப்புல மண்ணள்ளிப் போடுற? கீறல் விழுந்தா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க."

"வாசிக்கத் தெரியாத புள்ளைங்களுக்கு அது தொறந்திருந்தா என்ன, மூடிக்கிடந்தா என்ன சார்? கேட்டா நான் பூட்ட உடைச்சேன்னு சொல்லிருங்க."

அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோழைதான், ஆனால் கெட்டவரில்லை.

முதல் வாரம் பிள்ளைகள் பலகையில் யானைப் படம் பார்த்ததோடு சரி. பலகை தானாக ஒன்றையும் சொல்லிக்கொடுத்துவிடாது என்று செங்கமலத்துக்குப் புரிந்தது. படங்களைத் தூக்கிவிட்டு ஊர்ச்சொற்களை ஏற்றினாள். கருவாடு, கவுதாரி, களத்துமேடு. பலகைக்கு மூன்று பேர். ஒருவர் வாசிக்க, ஒருவர் விரலால் எழுத, ஒருவர் தப்பு கண்டுபிடிக்க. தப்பு கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் அடிதடி. வருஷக் கடைசியில் இருபத்துநான்கு பேர் சரளமாக வாசித்தார்கள். இரண்டு பேர் தட்டுத்தடுமாறி வாசித்தார்கள்.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு வந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு கீறல்களை எண்ணினார்.

"நாட்டிலேயே படுதோல்வி அடைந்த பள்ளி இதுவே" என்றார். "முதற்பரிசு பெற்ற பள்ளியைப் பாருங்கள். ஒரு கீறல் கிடையாது. ஒரு மாணவரும் கிடையாது."

"ஐயா, ஒரு புள்ளைய வாசிக்கச் சொல்லிப் பாருங்களேன்."

"படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அம்மணி."

கும்பிடுநாட்டில் மக்கள் சம்மதமில்லாமல் எதுவும் நடப்பதில்லை. காகிதத்தில் இருப்பதை அதிகாரி வாயால் சொல்வார். மக்கள் கட்டைவிரலில் மை தொட்டு உருட்டுவார்கள். ஆய்வாளர் ஊரைக் கூட்டிக் காகிதத்தை விரித்தார்.

"உங்கள் ஊருக்குப் பாலம் வரப்போகிறது. விரலை வையுங்கள்."

இருளாயி முதல் ஆளாக மையைத் தொட்டாள். பக்கத்தில் நின்ற மகள் தெய்வானை, தட்டுத்தடுமாறும் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க முடியாத பழக்கம் அவளுக்கு இப்போது வந்திருந்தது.

"எங்கள்... பள்ளியை மூடு... மூடுவதற்கு... நாங்கள் மன... மனமுவந்து..."

இருளாயியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"இன்னொரு தடவ வாசி புள்ள."

தெய்வானை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை தடுமாறவில்லை.

"அப்ப போன வருஷம் கெணத்துக்குன்னு வச்சமே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்றது ஒரு குரல். கூட்டம் சலசலத்தது.

ஆய்வாளர் காகிதத்தை அவசரமாகச் சுருட்டினார். "இச்சிறுமி வாசிக்க யார் அனுமதி அளித்தது?"

"நீங்கதான் ஐயா" என்றாள் செங்கமலம். "திட்டம் ஜெயிச்சே ஆகணும்னு ஆணை போட்டீங்களே."

மறுவாரமே, ஒளிப்பலகைத் திட்டம் மகத்தான வெற்றி பெற்றுவிட்டதாக முரசறையப்பட்டது. வெற்றி பெற்றுவிட்டதால் உடனடியாக நிறுத்தப்பட்டது. பலகைகளைத் திரும்பப் பெற ஆவாரங்காட்டுக்கு வண்டியோடும் ஒரு காகிதத்தோடும் எட்டு வீரர்கள் வந்தார்கள்.

பள்ளி வாசலில் ஊரே நின்றிருந்தது. வழிவிடச் சொன்னார் வீரர் தலைவர். இருளாயி அசையாமல் கையை நீட்டினாள்.

"காயிதத்தக் குடுங்க. புள்ளைங்க வாசிக்கட்டும். அப்புறம் பேசுவோம்."